ஒரே கொடி, இரண்டு அளவு

விலங்குகள் வாய்திறந்து பேசிய அந்தக் காலத்தில், நிலத்துக்கு 'அளவு' என்ற ஒரே சொல்தான் இருந்தது. வேலியின் நீளமும் அளவு. வேலிக்குள் கிடக்கும் இடமும் அளவு.

ஒரு கோடையில் காடே காய்ந்துபோனது. ஏரிக்கரையில் மட்டும் புல் மிஞ்சியது. அதை எல்லோருக்கும் சமமாகப் பிரித்துக் கொடுக்கும்படி, காட்டுக்குத் தலைவியான யானை உடும்பிடம் சொன்னது. உடும்பு ஒரு நீளமான கொடியை எடுத்தது. அந்தக் கொடி வளைக்கும் இடம் ஒரு பங்கு.

தன் சிநேகிதனான காட்டுப்பன்றிக்குக் கொடியை நன்றாக அகட்டி வளைத்தது. முயல் அளவே இருக்கும் சருகுமானுக்கோ, பாறையோரமாக ஒடுக்கி இழுத்தது.

"உடும்பண்ணே, என் பங்கு வாய்க்கால் மாதிரி இருக்கிறதே!" என்றது சருகுமான்.

"அதே கொடி, அதே அளவு. போ, போ."

சருகுமான் நம்பிப் போனது. புல் சீக்கிரமே தீர்ந்தது. மடியில் பால் வற்றியது. பக்கத்தில் பன்றி தின்று தீராத புல்லை மிதித்துப் புரண்டுகொண்டிருக்க, சருகுமானின் குட்டி பசியில் செத்தது.

தாய்க்கு அழுகை வரவில்லை. நேரே யானையிடம் போய் நின்றது.

"குட்டியைப் புதைக்கக்கூட அந்தப் பங்கில் இடமில்லை!"

"எல்லோருக்கும் அளவு ஒன்றுதானே?" என்றது யானை.

"சுற்றி நடந்தால் ஒன்று. உள்ளே மேய்ந்தால் ஒன்றா? வேலியையா தின்னச் சொல்கிறாய்? அந்தப் பன்றியை வந்து என் பங்கில் நிற்கச் சொல்!"

எல்லா விலங்குகளும் ஏரிக்கரையில் கூட, உடும்பு அந்தப் பங்கைச் சுற்றி மறுபடி கொடியை விரித்தது. பன்றி வந்து குறுக்கே நின்றது. மூக்கும் வாலும் கொடிக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்தன. ஒரு குரங்கு சிரித்தது.

"சிரிக்காதே! என் பிள்ளை செத்த இடம் அது!"

சருகுமான் பாய்ந்து கொடியைக் கடித்துத் துண்டு துண்டாக்கியது. யாரும் தடுக்கவில்லை. உடும்பு மெல்ல ஒரு பொந்துக்குள் நழுவியது.

யானை தலை குனிந்தது. "இனி சுற்றி வரும் நீளம் சுற்றளவு. உள்ளே பரந்து கிடக்கும் இடம் பரப்பளவு. பங்கைப் பரப்பளவு பார்த்தே பிரிப்போம்."

"இந்தச் சொல்லைப் போன வாரமே கண்டுபிடித்திருக்கலாமே" என்று சொல்லிவிட்டு, சருகுமான் திரும்பிப் பாராமல் நடந்தது.

அன்று முதல்தான் சுற்றளவு வேறு, பரப்பளவு வேறு என்றானது. வேலியைக் காட்டி "இரண்டு நிலமும் சமம்" என்று எவராவது சொன்னால், "உள்ளே எவ்வளவு?" என்று நாம் அதட்டிக் கேட்பதும் அன்று முதல்தான்.