சுடர் அணைந்த பிறகு

டிக் வெல்டிங் கற்றுக்கொள்ள வந்தபோது செங்கோடனுக்கு வயது ஐம்பத்தொன்று. கற்றுக்கொடுத்த பிலோமினாவுக்கு முப்பத்தாறு. லாரி பாடி கட்டும் இடத்தில் இருபத்தாறு வருஷம் நெருப்போடு குப்பை கொட்டியவர் செங்கோடன். பால் பண்ணைகளுக்கு எவர்சில்வர் குழாய் செய்யும் இந்தப் பெருந்துறைப் பட்டறையில் அந்த இருபத்தாறு வருஷமும் செல்லாக்காசாகிவிட்டது.

ஒரு கையில் சுடர் உமிழும் டார்ச், இன்னொரு கையில் கம்பி. டார்ச்சின் முனை குழாயைத் தொடாமல் ஒரு அரிசி அளவு தள்ளி நிற்க வேண்டும். உலோகம் உருகிக் குளம் கட்டியதும் கம்பியை அதில் தொட்டுத் தொட்டு எடுக்க வேண்டும். இதெல்லாம் அவருக்கு ஒரே வாரத்தில் வந்துவிட்டது.

வராதது ஒன்றுதான். சுடர் அணைந்த நொடியில் டார்ச்சை வெடுக்கென்று இழுத்துவிடுவார். பழைய வேலையில் அப்படித்தான். முடிந்ததா, கையை எடு, கசடைத் தட்டு, அடுத்ததற்குப் போ. இங்கே சுடர் அணைந்த பிறகும் டார்ச்சிலிருந்து ஆர்கான் வாயு சில நொடிகள் வரும். சூடு தணியும்வரை ஒட்டின்மேல் காற்றுப் படாமல் காப்பது அதுதான். அதற்குள் கையை எடுத்தால் ஒட்டின் கடைசிப் புள்ளி கறுத்துக் கீறல் விட்டுவிடும்.

அன்று பிலோமினா கீறல் இருக்கிறதா என்று பார்க்க அவருடைய குழாயில் சிவப்புச் சாயம் தடவி, துடைத்து, மேலே வெள்ளைப் பொடி அடித்துப் பார்த்தார். ஒட்டு முழுக்கச் சுத்தம். கடைசியில் மட்டும் மயிரிழைபோல ஒரு சிவப்புக் கோடு. அப்படிக் கீறல் விட்ட நான்காவது குழாய் அது.

"ஏண்ணா இப்படி ஓடுறீங்க?"

"முடிஞ்சிருச்சேனு கை தானா வந்துருதுங்க, மாஸ்டர்."

"வெளிச்சந்தாண்ணா போயிருக்கு. சூடு அங்கயேதான் இருக்கு."

செங்கோடன் குழாயை வாங்கி அந்தக் கோட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, யாரும் கேட்காமலே, தம்பி நல்லமுத்துவைப் பற்றிச் சொல்ல ஆரம்பித்தார்.

தம்பியும் அதே லாரிப் பட்டறையில்தான் வேலை பார்த்தார். ஒருநாள் அவர் போட்ட ஒட்டு சரியில்லை என்று பத்துப் பேருக்கு முன்னால் செங்கோடன் வாய்க்கு வந்தபடி பேசிவிட்டார். தம்பி அன்றோடு வேலையை விட்டார். ஒன்பது வருஷம் பேச்சுவார்த்தை இல்லை. போன ஐப்பசியில் மனசு கேட்காமல் செங்கோடன் தம்பி வீட்டுக்குப் போனார். வாசலில் நின்றபடியே, தப்பு என்னுடையதுதான் என்றார். நல்லமுத்து ஒரு வார்த்தை பேசாமல் உள்ளே போனார். செங்கோடனுக்கு முகத்தில் அடித்தாற்போல் ஆகிவிட்டது. வண்டியைக் கிளப்பிக்கொண்டு வந்துவிட்டார். தை மாதம் தம்பி நெஞ்சுவலியில் போய்ச் சேர்ந்தார்.

"காரியத்தன்னைக்குத்தானுங்க அவன் சம்சாரம் சொல்லுச்சு. அன்னைக்கு அவன் உள்ள போனது சட்டை மாட்டிட்டு வரத்தானாம். எங்கூட வண்டில ஏறி நம்ம வீட்டுக்கு வரணும்னு. அவன் வெளிய வந்தப்ப நான் தெருமுனை திரும்பிட்டேன்."

ஒரு சட்டை மாட்டும் நேரம். அதைக்கூட நிற்க முடியாமல் போனதே என்ற வருத்தம் ஐந்து மாதமாக அவரைத் தின்றுகொண்டிருந்தது.

"அந்த ஒட்டை இனி எங்க போயிப் போடறதுங்க, மாஸ்டர்?"

பிலோமினா குழாயை வாங்கிக் கீறிய இடத்தைத் தேய்த்து எடுத்து, சுத்தம் செய்து, முகமூடியை இறக்கிக்கொண்டு மறுபடி ஒட்டினார். சுடர் அணைந்தது. டார்ச் அங்கேயே நின்றது. வாயு சீறும் சத்தம் மட்டும் மெல்லக் கேட்டது. செங்கோடன் மனசுக்குள் எண்ணினார். எட்டு எண்ணியபோது சீறல் ஓய்ந்தது. அதற்கப்புறம்தான் பிலோமினாவின் கை நகர்ந்தது.

முகமூடியைத் தூக்கிவிட்டுக் கேட்டார்.

"காரியத்தன்னைக்கு அந்தம்மா அதைச் சொன்னாங்களேண்ணா, அப்புறம் எத்தனை நேரம் அவங்க பக்கத்துல உக்காந்திருந்தீங்க?"

தம்பி மனைவி சொன்னதைக் கேட்ட கையோடு அங்கிருந்தும் எழுந்து வந்துவிட்டவர்தான் செங்கோடன்.