இரண்டு பக்கமும் முதல் வடம்

முன்னொரு காலத்தில் இரண்டு பெரிய ராஜ்ஜியங்கள் சண்டை போட, நடுவில் அகப்பட்டு விழித்துக்கொண்டிருந்தது ஒரு சின்ன நாடு. வடக்கு ராஜா தெற்கு ராஜாவை அடிக்க வேண்டுமானாலும், தெற்கு ராஜா வடக்கு ராஜாவை அடிக்க வேண்டுமானாலும், படை இந்த நாட்டு நெல்வயல்களை மிதித்துக்கொண்டுதான் போக வேண்டும். அதனால் இந்நாட்டு மன்னர் தென்னவராயர் யாரோடும் சேரவில்லை, யாரையும் பகைக்கவும் இல்லை. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. இருந்து பார்த்தால் தெரியும் அந்த அவஸ்தை!

அந்த வருஷத் தேர்த் திருவிழாவுக்கு இரண்டு ராஜாக்களின் தூதர்களும் ஆளுக்கு நூறு மல்லர்களோடு ஒரே நாளில் வந்து இறங்கினார்கள். இருவரும் கேட்டது ஒன்றே: "முதல் வடம் பிடிக்கும் மரியாதை எங்களுக்கே வேண்டும்." அந்த ஊர் வழக்கப்படி முதல் வடம் பிடிப்பவரே நாட்டின் நண்பர். கிடைக்காதவர் மறுநாளே படையோடு வருவார்.

மன்னருக்குச் சோறு இறங்கவில்லை. இதுதான் சமயம் என்று தளவாய் சேந்தன் முன்னால் வந்தான். விகடகவி கூத்தையன் பேசினால் மன்னர் சிரிக்கிறார், தான் பேசினால் கொட்டாவி விடுகிறார் என்று அவனுக்கு வெகுநாள் வயிற்றெரிச்சல்.

"அரசே, இக்காரியத்துக்குக் கூத்தையனைவிடத் தகுந்தவர் யார்? பிசகினால், வருகிற படைக்கு எதிரே முதல் ஆளாக அவரையே நிறுத்திவிடலாம்."

மன்னருக்கு அந்த யோசனை பிடித்துப்போயிற்று. "கூத்தையா, நீரே வடத்தைக் கொடும். இருவரில் ஒருவருக்கு மற்றவரைவிடக் கடுகளவு கூடுதலாக மனக்குறை வந்தாலும் போர்முனைக்குப் போவது நீர்தான்!"

"உத்தரவு, அரசே" என்று சொல்லிவிட்டு வெளியே வந்தான் கூத்தையன். பாவம், அவன் வாள் பிடித்ததே இல்லை. விளக்குமாறு பிடித்ததுகூட மனைவி அதட்டியபோதுதான்.

மறுநாள் காலையில் தேருக்கு முன்னால் ஒரு வடமும் பின்னால் ஒரு வடமும் கட்டப்பட்டிருந்தன. தூதர்கள் இருவரும் ஒரே குரலில், "இதில் எது முதல் வடம்?" என்று சீறினார்கள்.

"இரண்டும்தான் பிரபுக்களே" என்றான் கூத்தையன். "தேரோடும் வீதி கோயிலைச் சுற்றித்தானே வருகிறது? எந்தப் பக்கம் இழுத்தாலும் நிலைக்கு வந்து சேரும். யார் இழுத்துத் தேர் நகருகிறதோ, அவர் வடமே முன்வடம், அதுவே முதல் வடம்."

இருவர் மீசையும் துடித்தது. வடத்தைப் பிடித்துவிட்டார்கள். பிடித்த பிறகுதான் கோயில் பட்டர் மெல்லத் தொண்டையைச் செருமி, மிச்ச வழக்கத்தையும் சொன்னார். வடம் தொட்டவர் தேர் நிலைக்கு வரும்வரை ஊர் எல்லையைத் தாண்டக்கூடாது. அதுவரை அவர் நாட்டுப் படையும் ஆயுதம் எடுக்கக்கூடாது.

வடக்கே நூறு பேர், தெற்கே நூறு பேர். மூச்சைப் பிடித்து இழுத்தார்கள். ஆனால் வடக்கு மல்லர்கள் நெய்ச்சோறு தின்றவர்கள் போலிருக்கிறது, தேர் மெல்ல அவர்கள் பக்கம் உருண்டது. கூத்தையனுக்கு உயிரே போய்விட்டது. முட்டுக்கட்டையைத் தூக்கிக்கொண்டு சக்கரத்தடிக்கு ஓடினான். கட்டையைச் செருகினான், தேர் நின்றது. சற்று நேரத்தில் தெற்கத்தியார் கை ஓங்கியது. அந்தப் பக்கமும் ஓடிப்போய்ச் செருகினான். இப்படியே ஐந்து நாள். கைவிரல் நசுங்கி, கால் வீங்கி, பகலெல்லாம் சக்கரத்தடியே கதியென்று கிடந்தான்.

ஐந்தாம் நாள் சேந்தன் வடக்குத் தூதரின் காதைக் கடித்தான். அவர் நேரே மன்னரிடம் போய்க் குதித்தார். "உங்கள் விகடகவி எங்களுக்கு மட்டும் கட்டை போடுகிறான்! இதற்குப் பெயர் நடுநிலையா?"

பின்னாலேயே தெற்குத் தூதர் மூச்சிரைக்க ஓடி வந்தார். "என்ன பேச்சு பேசுகிறீர்? காலையிலிருந்து எங்களுக்குத்தான் கட்டை போடுகிறான். நான் எண்ணியே வைத்திருக்கிறேன், பதினேழு தடவை!"

"எங்களுக்கும் பதினேழு!"

இருவரும் ஒருவரையொருவர் வெறித்துப் பார்த்தார்கள். கூத்தையன் நொண்டிக்கொண்டே வந்து கும்பிட்டான்.

"அரசே, மனக்குறையே வரக்கூடாது என்று தாங்கள் சொல்லவில்லை. ஒருவருக்கு மற்றவரைவிடக் கூடக்கூடாது என்றுதான் உத்தரவு. சரிபார்த்துக்கொள்ளுங்கள்."

அன்று மாலை மழை பிடித்துக்கொண்டது. ஆறுகள் பெருகின, வயல்கள் நிறைந்தன. எல்லையில் காத்திருந்த இரண்டு பக்கத்துச் சிப்பாய்களும் நாற்று நட வேண்டுமென்று ஊருக்கு நடையைக் கட்டினார்கள். 'போர் அறுவடைக்குப் பிறகு. உடனே திரும்பவும்' என்று தூதர்களுக்கு அவரவர் ராஜாவிடமிருந்து ஓலை வந்தது.

ஆனால் தேர் நிலைக்கு வராமல் எப்படிப் போவது? வேறு வழியில்லை. இருநூறு பேரும் ஒரே வடத்தைப் பிடித்தார்கள். ஐந்து நாள் இருந்த இடத்தைவிட்டுப் போகாத தேர் ஒரு நாழிகையில் நிலைக்கு வந்து நின்றது. தூதர்கள் இருவரும் கொப்புளம் கண்ட கைகளை ஒருவருக்கொருவர் காட்டி நொந்துகொண்டே புறப்பட்டார்கள்.

மன்னர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். தம் சால்வையை எடுத்துக் கூத்தையனுக்குப் போர்த்தி, ஆற்றங்கரையில் நல்ல நஞ்சை ஒன்றும் எழுதிக்கொடுத்தார்.

"கூத்தையா, உண்மையைச் சொல்லும். இந்த ஐந்து நாளும் நாம் யார் பக்கம் இருந்தோம்?"

"சக்கரத்தடியில் அரசே. அங்கிருந்தால் இரண்டு பக்கத்தாரும் திட்டுவார்கள். கொஞ்சம் அயர்ந்தால் நம் மேலேதான் தேர் ஏறும்."

மன்னரின் சிரிப்பு ஒரு கணம் நின்றது. அறுவடை முடிந்தால் அவர்கள் மறுபடி வருவார்கள். அவர் மெல்லத் திரும்பிச் சேந்தனைப் பார்த்தார்.

"தளவாயே, அடுத்த முறை கட்டை போடுவது நீர்."

சேந்தன் முகம் போன போக்கைப் பார்த்து மன்னர் விட்ட இடத்திலிருந்து மறுபடியும் சிரிக்கத் தொடங்கினார்.