பேத்திக்கு யார் பெயர்?

செம்மணல் மேடான தேரிக்காட்டுக்கு அந்தப் பக்கத்து ஊர் ஒன்றில் ஞானசுந்தரி என்று ஓர் அம்மாள் இருந்தாள். அவளுக்கு ஒரே மகள், எப்சிபா. மகளுக்குத் தலைப்பிரசவம் டவுன் ஆஸ்பத்திரியில் நல்லபடியாக முடிந்து, பெண் குழந்தை பிறந்தது. வீட்டுக்குப் போகலாம் என்று டாக்டர் தமயந்தியும் சொல்லிவிட்டார். கார் வாசலில் நின்றது. தாயையும் பிள்ளையையும் ஜெபம் பண்ணி வீட்டுக்குள் அழைக்க ஊரில் போதகர் காத்திருந்தார். ஞானசுந்தரிக்குக் கால் தரையில் பாவவில்லை.

அந்தப் பிரசவ வார்டில் ஒரு வழக்கம் உண்டு. ஹெட் நர்ஸ் சூசன்னா, டாக்டரிடம் பேசிச் சம்மதம் வாங்கிக் கொண்டுவந்த வழக்கம். தாயைக் கடைசியாகக் கவனித்த நர்ஸ்தான் குழந்தையைத் தூக்கி வீட்டார் கையில் கொடுக்க வேண்டும். அவளுக்கோ வார்டில் வேறெந்த நர்ஸுக்கோ ஏதாவது சரியில்லை என்று பட்டால் கொடுக்காமல் நிறுத்தலாம். டாக்டர் மறுபடி வந்து பார்த்த பிறகே கிளம்ப முடியும். நிறுத்துகிறவளை, அவள் எவ்வளவு சின்னவளாக இருந்தாலும், ஆஸ்பத்திரியில் ஒருவரும் அதட்டக் கூடாது.

அன்றைக்கு அந்த நர்ஸ் பவளக்கொடி. குழந்தையைத் துணியில் சுற்றி எடுத்தவள் எப்சிபாவின் முகத்தைப் பார்த்தாள். நாடியைப் பிடித்தாள். அடிவயிற்றைத் தொட்டுப் பார்த்தாள். பிறகு குழந்தையோடு ஓரடி பின்னால் போய் நின்றுகொண்டாள்.

“இப்போ போக வேண்டாம்மா. நாடி ரொம்ப வேகமா ஓடுது. கர்ப்பப்பை இறுகி இருக்கணும், எனக்குத் தளர்வாத் தெரியுது. டாக்டரம்மா இன்னொரு தடவை பார்க்கட்டும்.”

ஞானசுந்தரிக்கு வந்ததே கோபம்! “டாக்டரம்மாவே போகச் சொல்லியாச்சு, நீ யாருட்டி தடுக்க? அங்க போதகர் வாசல்ல நிக்காவ. எம் பேத்தியக் குடு!”

பவளக்கொடி குழந்தையை மார்போடு சேர்த்து அணைத்துக்கொண்டாள். கொடுக்கவில்லை.

சத்தம் கேட்டு சூசன்னா வந்தார். அவரும் எப்சிபாவின் வயிற்றைத் தொட்டுப் பார்த்தார். “எனக்கு ஒண்ணும் வித்தியாசமாத் தெரியலையே பவளம்” என்றார்.

“கேட்டியா?” என்று ஞானசுந்தரி கையை நீட்டினாள்.

“இருங்கம்மா. எனக்குத் தெரியாட்டாலும் அவ வேண்டாம்னா வேண்டாம்தான். திட்டணும்னா என்னைத் திட்டுங்க. டாக்டரை இப்பவே கூப்பிடுறேன்.”

ஞானசுந்தரி நன்றாகவே திட்டினாள். டாக்டர் தமயந்தி வார்டுக்குள் நுழையும்போது கட்டில் விரிப்பு நனைந்து சிவந்துவிட்டது. நஞ்சுக்கொடியில் ஒரு துண்டு உள்ளேயே தங்கிப்போயிருந்தது. அப்படியே ஆபரேஷன் தியேட்டருக்குக் கொண்டுபோனார்கள்.

சாத்திய கதவுக்கு முன்னால் ஞானசுந்தரி முழங்கால் போட்டாள். “ஆண்டவரே, எம் பிள்ளையத் திருப்பித் தாரும். யாரைக் கொண்டு அவளைக் காப்பாத்துதீரோ, அந்த ஒருத்தர் பேரையே பேத்திக்கு இடுதேன்” என்று பொருத்தனை பண்ணினாள்.

கர்த்தர் கேட்டார். டாக்டர் முகத்துணியை இறக்கிக்கொண்டே வெளியே வந்து, “இனி பயமில்லை” என்றார். அன்று சாயங்காலம் எப்சிபா கஞ்சியைக் குடித்துவிட்டு, “இன்னுங்கொஞ்சம் ஊத்தும்மா” என்று கேட்டபோதுதான் பெற்றவளுக்கு மூச்சே சீராக வந்தது.

மனம் லேசானதும் பொருத்தனை ஞாபகம் வந்தது. யாரைக் கொண்டு காப்பாற்றினார்? ஞானசுந்தரி முதலில் டாக்டரிடம் போனாள்.

“ஐயோ, என் பேரு வேண்டாம்மா. ரத்தத்தை நிறுத்தினது நான்தான், அது என் வேலை. ஆனா வீட்டுக்குப் போங்கன்னு சொன்னதும் நான்தானே! பிள்ளை வளர்ந்து வந்து என்கிட்ட கேள்வி கேக்கும்” என்று அவர் சிரித்தார்.

பவளக்கொடியோ ஹெட் நர்ஸைக் காட்டினாள். “சிஸ்டர் பேரை வைங்க. முன்னால வேலை பார்த்த இடத்துல வாயைத் திறந்தா, ‘நீ டாக்டரா?’ம்பாங்க. இதே நாடியை அங்க பிடிச்சிருந்தா, நானும் குழந்தையைக் கொடுத்து டாட்டா காட்டித்தான் அனுப்பியிருப்பேன்.”

சூசன்னா ஒத்துக்கொள்ளவில்லை. “தொட்டுப் பார்த்தும் எனக்கு ஒண்ணும் தெரியல. கண்டுபிடிச்சது அவ. நான் பக்கத்துல நின்னேன், அவ்வளவுதான்.”

இதையெல்லாம் கேட்டுக்கொண்டிருந்த காலை நேரத்து நர்ஸ் மெதுவாகச் சொன்னாள்: “உங்க மக தண்ணி தண்ணின்னு கேட்டுட்டே இருந்ததை நானும் பார்த்தேம்மா. இவ்வளவு தாகம் எடுக்கக் கூடாதேன்னு மனசு உறுத்துச்சு. நிறுத்தச் சொல்ல எனக்கும் உரிமை இருந்துச்சு. டாக்டரே பார்த்தாச்சே, நமக்கெதுக்குன்னு இருந்துட்டேன்.”

ஞானசுந்தரிக்குக் குழப்பம் இன்னும் கூடிற்று. அவள் வீட்டுக்காரர், “மூணு பேரையும் சேர்த்து வச்சிருவோமா? வாத்தியார் கூப்பிட்டு முடிக்குமுன்ன பள்ளிக்கூடம் விட்டிரும்” என்றார். ஒருத்தர் பெயர் என்றல்லவா அவள் சொல்லியிருக்கிறாள்!

உயிரைப் பிடித்து நிறுத்திய கை டாக்டருடையது. போகாதே என்று மறித்த வாய் பவளக்கொடியுடையது. அந்த வாய் திறக்க இடம் கொடுத்தவர் சூசன்னா. பொருத்தனைப்படி பேத்திக்கு வைக்க வேண்டியது யார் பெயர்? நீங்களே யோசித்துச் சொல்லுங்கள்.

விடை: டாக்டரின் கை எட்டுகிற தூரத்தில் எப்சிபா இருந்ததே பவளக்கொடி மறித்ததனால்தான். இல்லையென்றால் ரத்தம் போயிருப்பது தேரிக்காட்டு நடுவில், காருக்குள். சூசன்னா கொடுத்த உரிமை பெரியதுதான். ஆனால் அது வார்டில் எல்லா நர்ஸுக்கும் பொது. அதை வைத்திருந்தும் காலை நேரத்து நர்ஸ் பேசாமல் இருந்துவிட்டாள். தான் நினைப்பது தப்பாகப் போகலாம், எல்லோரும் சிரிக்கலாம் என்று தெரிந்தும் குழந்தையைக் கொடுக்காமல் நின்றவள் பவளக்கொடி ஒருத்தியே. ஆகவே அவள் பெயர்தான். ஞானசுந்தரியும் அப்படியே முடிவு பண்ணி, சூசன்னாவிடம் வந்து, “உங்களுக்கு மனவருத்தம் இல்லையே சிஸ்டர்?” என்று தயங்கித் தயங்கிக் கேட்டாள். அவருக்குக் கண் கலங்கிவிட்டது. “எனக்கெதுக்கும்மா வருத்தம்? நர்ஸுங்க சொல்றதுக்கு ஒரு மதிப்பு வரணும்னுதானே இவ்வளவு நாள் மல்லுக்கட்டினேன். அவ பேரையே வைங்க.”