கல்லில் ஏறாத மென்பொருள் பட்டியல்

கரும்பூர் நாட்டை ஆண்ட கோட்டைவளவ மகாராஜாவுக்குக் கல்வெட்டு என்றால் உயிர். கல்வெட்டுக் காலத்தில் கணினி ஏது என்று இடையில் புகுந்து கேட்காதீர்கள். கதை என்னுடையது. இருந்தது என்றால் இருந்தது.

அரண்மனையில் எதையும் கல்லில்தான் வெட்டுவார்கள். வெட்டிய பிறகு ஒரு புள்ளியைக்கூட யாரும் திருத்தக் கூடாது, ராஜாவும் கூடாது. காலை உணவு பொங்கல் என்று யாரோ ஒரு நாள் வெட்டித் தொலைத்துவிட்டார்கள். பாவம் மனிதர், பதினோரு வருஷமாகப் பொங்கலே சாப்பிடுகிறார்.

கல்லில் ஏறாத ஒரே சமாசாரம், குழந்தைகள் பாடம் படிக்கிற மென்பொருள்களின் பட்டியல். அதைப் பார்த்துக்கொண்டவள் அஞ்சுகம். சபையில் மூளை இருந்த ஆள் அவள் ஒருத்திதான் என்று சொன்னால் மற்றவர்கள் கோபித்துக்கொள்வார்கள். கோபித்துக்கொள்ளட்டும். பட்டியலை அவள் தனியாக எழுதவில்லை, ஊரே எழுதியது. யார் வேண்டுமானாலும் சேர்க்கலாம், திருத்தலாம். அடியில் பெயரும் காரணமும் போட்டால் போதும்.

'எண்ணும் எருமை: நான்கு வயதுப் பிள்ளைக்கு நல்லது. மூன்றாம் பாடத்தில் எருமை நின்றுவிடுகிறது, வால் மட்டும் ஆடுகிறது' என்று உப்பு விற்கிற பொன்னாயி எழுதுவாள். 'புதுப் பதிப்பில் எருமை நடக்கிறது' என்று மறுநாளே ஒரு வாத்தியார் திருத்துவார். இப்படி ஐந்நூறு மென்பொருள்.

கல்வெட்டுகளைக் கவனிக்கிற அமைச்சர் நெடுமொழியாருக்கு இதைப் பார்த்தாலே வயிற்றெரிச்சல்.

"மகாராஜா, நேற்று நின்ற எருமை இன்று நடக்கிறதாம். இதெல்லாம் ஒரு பட்டியலா? உப்புக்காரி எழுதுகிறாள், ஊர்க்காரன் அழிக்கிறான். பேசாமல் கல்லில் வெட்டிவிடுவோம். தவறு இருந்தால் அந்த வரியை எழுதியவர் நாட்டை விட்டே போகட்டும்."

ராஜா பூரித்துப்போனார். "அஞ்சுகம், மாதம் முடிவதற்குள் ஐந்நூறும் தெற்கு மதிலில் இருக்க வேண்டும். அன்றோடு ஊர்ப் பட்டியலை மூடிவிடு."

அஞ்சுகத்துக்குத் திக்கென்றது. எந்த மென்பொருள் ஒரு மாதம் ஒரே மாதிரி இருக்கிறது? வெட்டி முடிப்பதற்குள் பாதி மாறிவிடும், அவள் மூட்டை கட்ட வேண்டியதுதான். ஊர் ஜனங்கள் ஆறு வருஷமாகப் பார்த்துப் பார்த்து எழுதியதும் அதோடு போய்விடும். அவளுக்கு அழுகையே வந்தது. ஆனால் வெளியே காட்டிக்கொள்ளவில்லை.

"அப்படியே செய்கிறேன் மகாராஜா. ஒரு சந்தேகம். கல்வெட்டு என்றால் தொடக்கத்தில் உங்கள் புகழைப் பாடுகிற மெய்க்கீர்த்தி வர வேண்டுமே. அதற்கு எனக்கு ஏது அவ்வளவு தமிழ்?"

"நான் எதற்கு இருக்கிறேன்?" என்று முந்திக்கொண்டார் நெடுமொழியார்.

"தவறு இருந்தால் எழுதியவர் போக வேண்டும் என்ற சட்டம் அமைச்சருக்கும் உண்டுதானே?"

"எல்லாருக்கும் உண்டு," என்றார் ராஜா.

"என் வரியில் தவறா? நல்ல கதை," என்று சிரித்தார் அமைச்சர்.

அன்றே ஆரம்பித்துவிட்டார். 'மூன்று மக்களைப் பெற்ற முத்து' என்று முதல் வரி. பிறகு ராஜாவின் மீசைக்கு நாற்பது வரி. யானைக்கு அறுபது. யானைப் பாகனின் மீசைக்குப் பன்னிரண்டு. வெட்டி வெட்டிச் சிற்பிகளுக்குக் கை வீங்கிவிட்டது. அஞ்சுகம் தினமும் வந்து, "அடடா, அமுதமாக இருக்கிறது ஐயா. இன்னும் கொஞ்சம் பாடலாமே," என்று உசுப்பிவிட்டுப் போனாள். அவரும் பாடினார்.

மாதம் முடிந்தது. மதிலும் முடிந்தது. மென்பொருள் ஒன்றுகூட ஏறவில்லை.

ராஜா சபையோடு வந்து பார்த்தார். "பட்டியல் எங்கே?"

"இடம் இருந்த வரைக்கும் உங்கள் புகழ்தான் மகாராஜா. என் வரி ஒன்றுகூட இல்லை. அதனால் என் வரியில் தவறும் இல்லை."

அமைச்சர் வாயைத் திறப்பதற்குள் மகாராணி வந்துவிட்டார். இரண்டு கையிலும் பிறந்து பத்தே நாளான இரட்டைப் பெண் குழந்தைகள். மதிலின் முதல் வரியை நிதானமாகப் படித்தார்.

"மூன்று மக்கள் என்று போட்டிருக்கிறது. சரி, இந்த இரண்டையும் யார் வீட்டில் கொண்டுபோய் விடட்டும்?"

ராஜா அவசரமாகச் சிற்பியைக் கூப்பிட்டார். "உடனே ஐந்து என்று வெட்டுங்கள்."

சிற்பி உளியைக் கீழே வைத்துவிட்டார். "வெட்டியதைத் தொடக் கூடாதே மகாராஜா. நீங்கள் சொன்னாலும் கூடாதே."

"அப்படியானால் இதை எழுதிய புண்ணியவான் யார்?" என்றார் மகாராணி.

நெடுமொழியார் கையைக் கூப்பினார். "தாயே, நான் எழுதும்போது சரியாகத்தான் இருந்தது. பிறகுதான் மாறிவிட்டது."

"அந்த எருமையும் அதையேதான் சொல்கிறது ஐயா," என்றாள் அஞ்சுகம்.

ராஜா அமைச்சரைப் பார்த்தார், குழந்தைகளைப் பார்த்தார், மதிலைப் பார்த்தார். "இப்போது என்னதான் செய்வது, அஞ்சுகம்?"

"யாரையும் நாடு கடத்த வேண்டாம் மகாராஜா. அந்தச் சட்டத்தை எடுத்துவிடுங்கள். மெய்க்கீர்த்தியையும் ஊர்ப் பட்டியலிலேயே சேர்த்துவிடலாம். பெயரும் காரணமும் போட்டால் யாரும் திருத்தலாம்."

ராஜா அங்கேயே கணினி கொண்டுவரச் சொல்லி, ஒவ்வொரு எழுத்தாகத் தேடித் தேடித் தட்டினார்: 'மூன்று அல்ல, ஐந்து. திருத்தியவர்: கோட்டைவளவன். காரணம்: மகாராணி பக்கத்தில் நிற்கிறாள்.' சட்டம் போயிற்று. ஊர்ப் பட்டியல் பிழைத்தது. அஞ்சுகமும் பிழைத்தாள்.

மறுநாள் ராஜா ஆசை ஆசையாகத் தம் மெய்க்கீர்த்தியைத் திறந்தார். 'ஏழு கடலையும் வென்றவர்' என்ற வரிக்குக் கீழே ஒரு மீன்காரர் குறிப்பு எழுதியிருந்தார்: 'நம் நாட்டில் இருப்பது ஒரே ஓர் ஏரி. சரிபார்க்கவும்.'

ராஜா வயிறு குலுங்கச் சிரித்தார். கழுத்திலிருந்த முத்துமாலையைக் கழற்றி அஞ்சுகத்திடம் கொடுத்தார். பிறகு தாமே உட்கார்ந்து திருத்தினார்:

'ஓர் ஏரி. கோடையில் அதுவும் கிடையாது.'