கடைசியாகச் சொன்னதையே சொன்ன சிப்

"டீச்சர், இந்த சிப்புக்கு மறதிங்க. நான் நாளையிலிருந்து வரலீங்க."

நாச்சிமுத்துவுக்கு ஐம்பத்திரண்டு வயது. மில்லை மூடியபின் எலக்ட்ரானிக்ஸ் கற்க வந்தவர். கற்றுக்கொடுக்கும் ரெஜினாவுக்கு இருபத்தொன்பது. பீளமேட்டில் மெஷின் போர்டுகளைப் பழுதுபார்க்கும் கடை வைத்திருந்தார்; பாடமும் அங்கேதான்.

"மூணாவது சிப்புங்க இது. மூணும் இப்படியேதான். வயசாயிருச்சு, மண்டைல ஏறலீங்க. என் கை ஸ்பேனருக்குத்தான் லாயக்கு."

மூன்று மாதம் ஒரு நாள் தவறாமல் வந்த மனிதர்.

"என்ன மறக்குது?"

"மொத அறைல ஒண்ணு எழுதினேன். ரெண்டாவதுல வேற. மூணாவதுல வேற. இப்ப எந்த அறையைக் கேட்டாலும் கடைசியாச் சொன்னதையே சொல்லுதுங்க."

மேசைமேல் சிப் இருந்தது. எழுதியதை எண்ணிட்ட அறைகளில் நினைவில் வைத்துக்கொள்ளும் மெமரி சிப். இருபத்தெட்டுக் கால்கள். ஒரு பக்கம் அறை எண்ணுக்கான சுவிட்சுகள். மறுபக்கம் எழுத வேண்டியதற்கு எட்டு சுவிட்சுகள், அவற்றுக்குமேல் எட்டு விளக்குகள். கீழே தனியாக மூன்று சுவிட்சுகள்.

"இந்த மூணும் எதுக்கு?"

"ஒண்ணு சிப்பைக் கூப்பிடறதுங்க. ஒண்ணு, எழுதிக்கோன்னு சொல்றது. ஒண்ணு, நீ பேசுன்னு சொல்றது. எதைக் கீழே தள்றமோ அந்த உத்தரவு நடக்கும்."

எல்லாம் மனப்பாடம்தான். ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவ வேண்டுமே.

ரெஜினா நாற்காலியை இழுத்துப் போட்டு அவருக்கு எதிரில் உட்கார்ந்தார்.

"உங்க பேரென்ன? நாச்சிமுத்து. ஊரு? சூலூர். குழந்தைங்க? ரெண்டு பொண்ணு. காலைல என்ன சாப்பிட்டீங்க? இட்லி."

நாச்சிமுத்து நான்கு முறை வாயைத் திறந்தார். நான்கு முறை மூடினார்.

"ஏண்ணா, கேட்டா ஒண்ணுமே சொல்ல மாட்டேங்கறீங்க?"

"எங்கீங்க டீச்சர் சொல்ல விட்டீங்க? கேக்கறதும் நீங்க, சொல்றதும் நீங்க. அதுலயும் இட்லி இல்லீங்க, கம்பங்கூழ்."

"அப்படியா? உங்களுக்கு மறதியோன்னு நெனச்சேன்."

அவருக்குச் சுருக்கென்றது.

குனிந்து பார்த்தார். எழுதச் சொல்லும் சுவிட்ச் காலையிலிருந்து கீழேயே கிடந்தது. எட்டு சுவிட்சுகளும் அவர் கடைசியாக வைத்தபடியே இருந்தன.

ஒவ்வோர் அறையாகக் கேட்டுக்கொண்டு போனவர், போன அறையிலெல்லாம் அதையே எழுதிவிட்டு வந்திருக்கிறார். விளக்கில் எரிந்தது அவருடைய பேச்சுத்தான். பாவம், சிப் இன்னும் வாயே திறக்கவில்லை.

"அட கடவுளே. நானே அழிச்சுட்டனுங்களே!"

"எத்தனை தடவை வேணாலும் திரும்ப எழுதலாம்ணா. அது கோவிச்சுக்காது."

நாச்சிமுத்து மறுபடி முதலிலிருந்து தொடங்கினார்.

முதல் அறை. எட்டு சுவிட்சுகளையும் வைத்தார். எழுதும் சுவிட்சைத் தாழ்த்தினார். உடனே உயர்த்தினார். இரண்டாவது அறை. மூன்றாவது அறை.

பிறகு, எட்டு சுவிட்சுகளும் சிப்போடு சேரும் கேபிளைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார்.

விளக்குகள் அணைந்தன.

"இப்ப நான் ஒண்ணும் சொல்லலீங்க," என்றார், சிப்பைப் பார்த்து.

பேசச் சொல்லும் சுவிட்சைத் தாழ்த்தினார்.

மூன்றாவது அறையில் விளக்குகள் ஒன்றுவிட்டு ஒன்று எரிந்தன. இரண்டாவதில் நடு நான்கு மட்டும். முதல் அறையில் ஓரத்து விளக்கு ஒன்றே ஒன்று. எல்லாம் அவர் எழுதியபடியே.

அவருக்குக் கண் கலங்கிவிட்டது. பேரன் எடுத்த ஆள் எட்டு விளக்கைப் பார்த்து அழுவதா என்று வெட்கமாகவும் இருந்தது.

"நாளைக்கு வர்றீங்களாண்ணா?"

கேட்டுவிட்டு ரெஜினா சும்மா இருந்தார். தெருவில் ஒரு பஸ் போனது. இன்னொன்றும் போனது. இந்த முறை பதிலையும் அவரே சொல்லிவிடவில்லை.

"சாவியைக் குடுங்க டீச்சர்," என்றார் நாச்சிமுத்து. "காலைல நானே வந்து கடையைத் தெறக்கறேன்."