எட்டாவது லேன்

மாரிசெல்வி பன்னிரண்டு வருடம் நாலாவது லேனில் நீந்தினாள்.

நீச்சல் போட்டியில் லேனைக் குலுக்கிப்போட்டு எடுப்பதில்லை. யாருடைய பழைய டைமிங் மற்றவர்களைவிடக் குறைவோ அவருக்கு நடு லேன், அதாவது நாலு. அடுத்தவருக்கு ஐந்து. அதற்கடுத்தவருக்கு மூன்று. இப்படியே இரண்டு பக்கமும் ஒதுங்கி ஒதுங்கி, கடைசி ஆள் எட்டாவது லேனில் சுவரோரமாக நிற்பார். பட்டியலைப் பார்த்தாலே யாருக்கு என்ன மதிப்பு என்று தெரிந்துவிடும். கல்யாணப் பந்தியில்கூட ஆளை இவ்வளவு பச்சையாகத் தரம் பிரித்து உட்கார வைக்க மாட்டார்கள்.

ஆறாம் வகுப்பில் பள்ளிப் போட்டியில் அவளுக்கு நாலு. மாவட்டத்தில் நாலு. மண்டலப் போட்டியில் ஒரே ஒரு முறை ஐந்து வந்தது. அன்றைக்கு அவள் சாப்பிடவில்லை. மாநிலத்தில் மறுபடியும் நாலு. பத்தொன்பது வயதில் தேசியப் போட்டி, நூறு மீட்டர் பட்டர்ஃபிளை, நாலாவது லேன், தங்கம். ஒரு நிமிடம் நாலு புள்ளி ஐந்து விநாடி. தூத்துக்குடியில் அவளுடைய சிநேகிதிகள் பெயரை விட்டுவிட்டு அவளை 'நாலு' என்றே கூப்பிட்டார்கள். அவளும் திரும்பிப் பார்த்தாள்.

அதற்குப் பிறகு நாலு வருடம் அவளால் அந்த டைமிங்கைத் தாண்ட முடியவில்லை. ஆனாலும் நாட்டுக்குள் அவளை ஜெயிக்க ஆள் இல்லை. அதனால் அதைப் பற்றி யாரும் பேசவில்லை.

இருபத்து மூன்றாம் வயதில் ஆசிய அளவிலான போட்டி ஒன்றுக்குப் போனாள். அங்கே சுவரில் ஒட்டியிருந்த பட்டியலில் நாலாவது லேனை மட்டும் பார்த்துக்கொண்டே போனாள். எட்டெட்டுப் பேராக ஐந்து ஹீட்ஸ், அதாவது தகுதிச் சுற்றுகள், இருந்தன; வேகம் குறைந்தவர்கள் முதல் சுற்றில். ஐந்திலும் நாலாவது லேனில் வேறு யாரோ இருந்தார்கள். பெயர் விட்டுப்போய்விட்டது என்று நினைத்து அங்கிருந்த அதிகாரியிடம் புகார் சொல்லவும் போய்விட்டாள். அவர் எழுந்து வந்து பட்டியலின் ஓரத்தில் விரலை வைத்துக் காட்டினார். முதல் ஹீட், எட்டாவது லேன்.

நாற்பது பேர் கலந்துகொண்ட போட்டியில் அவளுடைய டைமிங்தான் கடைசி என்று அதற்கு அர்த்தம்.

நீந்தினாள். சுவரைத் தொட்டுத் தலையைத் தூக்கினாள். மின்பலகையில் அவள் பெயருக்கு நேராக எட்டு என்ற எண் தெரிந்தது. தலையைக் குனிந்துகொண்டு ஏறி வந்துவிட்டாள். மொத்தத்தில் முப்பத்தெட்டாவது இடம் என்று மறுநாள் காலைச் சாப்பாட்டின்போது யாரோ சொன்னார்கள்.

ஊருக்கு வந்தாள். அவளை வாழ்த்தித் தெருமுனையில் வைத்திருந்த ஃபிளெக்ஸைக் காற்று கிழித்திருந்தது. மூன்று மாதம் அவள் நீச்சல் குளத்துப் பக்கம் போகவில்லை. டிவியில் விளையாட்டுச் செய்தி வந்தால் எழுந்து அடுப்படிக்குப் போனாள்.

அவளுடைய கோச் ரெஜினா. வயது நாற்பத்திரண்டு. பள்ளிக்கூடத்தில் உடற்கல்வி ஆசிரியை என்பதால் எல்லோருக்கும் 'மிஸ்'. அந்த மூன்று மாதத்தில் மிஸ் ஒரு தடவைகூட ஃபோன் செய்யவில்லை.

மூன்று மாதம் முடிந்த ஒரு சனிக்கிழமை காலை மாரிசெல்வி தானாகவே குளத்துக்கு வந்தாள். அன்று பள்ளி மாணவிகளுக்கு மாவட்டப் போட்டி. சுற்றிலும் துண்டும் பையுமாகப் பிள்ளைகள். மிஸ் தகரக் கூரைக்கு அடியில் மேஜை போட்டு, கழுத்தில் விசிலோடு உட்கார்ந்திருந்தார்.

"மிஸ்."

"வாட்டி. சாப்பிட்டியா?"

"சாப்பிட்டேன் மிஸ். அடுத்த போட்டிக்குப் பேரு குடுக்க இன்னைக்கு சாயங்காலம்தான் கடைசியாம். ஃபாரம் உங்கட்ட இருக்குன்னாங்க."

"இருக்கு. நீ கையெழுத்துப் போடணும்."

"போடலன்னு சொல்லத்தான் வந்தேன்."

மிஸ் ஒரு பெயருக்கு எதிரே டிக் அடித்தார்.

"நீச்சலையே விட்டுரலாம்னு இருக்கேன் மிஸ்."

"சரி."

அவள் இந்தச் 'சரி'யை எதிர்பார்க்கவில்லை. கொஞ்சமாவது திட்டுவார், இல்லாவிட்டால் கெஞ்சுவார் என்று நினைத்து, அதற்கெல்லாம் பதில் தயார் செய்துகொண்டு வந்திருந்தாள். பன்னிரண்டு வருடத்துக்கு ஒரு 'சரி'தானா என்று அவளுக்கு வலித்தது.

மிஸ் நிமிர்ந்தார். "அங்க உன் டைமிங் என்ன?"

"முப்பத்தெட்டாவது மிஸ்."

"ம்."

மறுபடியும் பட்டியலுக்குள் போய்விட்டார். மாரிசெல்வி நின்றுகொண்டே இருந்தாள்.

"ஒண்ணே ஒண்ணு கேக்கணும் மிஸ்."

"கேளு."

"நாலாவது லேன்ல நீந்துறவளுக்கு மெடல் இருக்கு. மூணுக்கும் அஞ்சுக்கும்கூட ஏதாவது கெடைக்கும். எட்டாவது லேன்ல நீந்துறவளுக்கு என்ன இருக்கு?"

மிஸ் மேஜை டிராயரைத் திறந்து ஒரு ஸ்டாப் வாட்சை எடுத்து நீட்டினார்.

"எட்டாவது லேனுக்கு வாட்ச் பிடிக்கிற டீச்சர் இன்னைக்கு வரல. வீட்டுல பிள்ளைக்குக் காய்ச்சலாம். நீ பிடி."

"நான் கேட்டதுக்கு..."

"பிள்ளைங்க ஏறி நின்னாச்சு. ஓடு."

வாட்ச் பிடிப்பது பெரிய வித்தையில்லை. விசில் அடித்ததும் ஒரு அழுத்து. பிள்ளையின் கை சுவரைத் தொட்டதும் இன்னொரு அழுத்து. ஒரு லேனுக்கு ஒரு ஆள். பக்கத்து லேனில் தீப்பிடித்தாலும் அவர் அந்தப் பக்கம் திரும்பக் கூடாது. இதுவும் மாரிசெல்விக்குத் தெரியும்.

பன்னிரண்டு வயதுக்குட்பட்டவர்களுக்கான ஐம்பது மீட்டர். குளத்தின் நீளம் இருபத்தைந்து. ஒருமுறை போய்த் திரும்ப வேண்டும்.

எட்டாவது லேனில் ஒல்லியாக ஒரு பிள்ளை நின்றாள். பெயர் ஹாஜிரா. காகிள்ஸ் அவளுக்குப் பெரியது. ரப்பரைப் பின்னந்தலையில் முடிச்சுப் போட்டு இறுக்கியிருந்தாள்.

"அக்கா, நீங்கதான் எனக்கு டைமிங்கா?"

"ஆமா."

"போன தடவ ஒரு நிமிஷம் ரெண்டு செகண்டுக்கா. இந்தத் தடவ ஒரு நிமிஷத்துக்குள்ள வந்துருவேன்."

"வா, வா" என்றாள் மாரிசெல்வி. அவள் கண் நாலாவது லேனில் இருந்தது. அங்கே நின்ற பிள்ளைக்குத் தோள் நன்றாக விரிந்திருந்தது. குதிக்கும் மேடையின் விளிம்பைக் கால் விரலால் சரியாகக் கவ்வியிருந்தாள்.

விசில் அடித்தது. வாட்சை அழுத்தினாள்.

நாலும் ஐந்தும் ஒன்றாகவே போய் ஒன்றாகவே திரும்பின. கடைசி ஐந்து மீட்டரில் பெற்றோர்கள் எல்லாம் எழுந்து நின்று கத்தினார்கள். நாலு ஒரு விரல்கடை முந்தியது. முப்பத்தாறு விநாடி என்று பக்கத்தில் யாரோ உரக்கச் சொன்னார்கள். ஜெயித்த பிள்ளை தலையைத் தூக்கினாள், மாரிசெல்வியை அடையாளம் கண்டுகொண்டாள்.

"மாரிசெல்வி அக்கா! என் ஃபினிஷ் எப்படி இருந்துச்சு?"

மூன்று மாதத்தில் யாரும் அவளிடம் அப்படி எதையும் கேட்டிருக்கவில்லை. நாலு எட்டு வைத்துப் போய் அந்த லேனுக்கு நேராகக் குந்தி உட்கார்ந்தாள்.

"கடைசி ரெண்டு கைக்கு மூச்சு எடுக்காத. தலையத் தூக்குன உடனே வேகம் போயிருது. இங்க பாரு, இப்படி."

கையை நீட்டிச் செய்து காட்டினாள். சொன்னது நல்ல யோசனைதான், அதில் ஒரு குறையும் இல்லை.

எழுந்து திரும்பியபோது எட்டாவது லேனில் ஹாஜிரா சுவரைப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்கிக்கொண்டிருந்தாள். காகிள்ஸை நெற்றிக்கு ஏற்றியிருந்தாள். முகமெல்லாம் சிரிப்பு.

"அக்கா, எவ்வளவு?"

மாரிசெல்வி கையைப் பார்த்தாள். வாட்ச் இன்னும் ஓடிக்கொண்டிருந்தது. ஒன்று பதினொன்று. ஒன்று பன்னிரண்டு. ஒன்று பதிமூன்று.

ஐம்பத்தொன்பது என்று சொல்லிவிடலாம். பிள்ளை குதித்துக்கொண்டு போய்விடும், யாருக்கும் தெரியாது. வார்த்தை வாய் வரைக்கும் வந்தது. ஆனால் நீச்சல்காரிகள் வயதைக்கூடக் குறைத்துச் சொல்வார்கள், செகண்டைக் குறைத்துச் சொல்ல அவர்களுக்கு வராது.

"பாக்கலம்மா" என்றாள். "நான் பாக்கல."

ஹாஜிராவுக்குப் புரியவில்லை.

"நீங்க என் லேன்தானேக்கா?"

"ஆமா."

"அப்ப நான் வந்தது?"

பிள்ளை தண்ணீரிலேயே நின்று மாரிசெல்வியைப் பார்த்தாள். பிறகு ஏணியில் ஏறி, துண்டை எடுத்துப் போர்த்திக்கொண்டு போனாள். அவள் அழவில்லை. அழுதிருந்தால் மாரிசெல்விக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும்.

வாட்சை நிறுத்தாமலே மேஜைக்கு வந்தாள்.

"மிஸ், அந்தப் பிள்ளைய மட்டும் இன்னொரு தடவ நீந்த விடலாமா?"

"ரேஸ் முடிஞ்சிட்டு."

"தப்பு என்னுது மிஸ்."

"ஆமா."

மிஸ் முடிவுத் தாளையும் பேனாவையும் அவள் பக்கம் தள்ளினார். "உன் லேனை நீயே எழுது."

எழுதினாள். பெயர், ஹாஜிரா. லேன், எட்டு. இடம், எட்டு. அடுத்த கட்டத்துக்கு வந்ததும் பேனா நின்றது.

"டைமிங்ல என்ன போட மிஸ்?"

"என்ன இருக்கோ அதப் போடு."

கட்டத்தில் ஒரு சிறிய கோடு போட்டாள். தாளைத் திருப்பிக் கொடுக்கவில்லை, அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். மற்ற ஏழு பிள்ளைகளுக்கும் அந்த இடத்தில் ஏதோ ஒரு எண் இருந்தது. இந்தப் பிள்ளை எட்டாவதாக வந்தாள் என்று மட்டும் தாளில் இருந்தது.

மைக்கில் அடுத்த ரேஸுக்குப் பெயர்களை வாசித்தார்கள். மேடைகளில் பிள்ளைகள் ஏறினார்கள்.

"மிஸ்."

"ம்."

"அங்க என் டைமிங் என்னன்னு உங்களுக்குத் தெரியுமா?"

மிஸ் ஃபைலைத் திறந்தார். அவள் கையெழுத்துப் போட வேண்டிய ஃபாரம் மேலே இருந்தது. அதற்கு அடியிலிருந்து நாலாக மடித்த ஒரு தாளை எடுத்தார். பலமுறை பிரித்து மடித்ததில் மடிப்புகள் இற்றுப் போயிருந்தன. கண்ணாடியைப் போட்டுக்கொள்ளாமலே வாசித்தார்.

"ஒரு நிமிஷம் மூணு புள்ளி நாலு ஒண்ணு."

மாரிசெல்வி தாளைப் பிடுங்கித் தானே பார்த்தாள். கீழேயிருந்து மூன்றாவது வரியில் அவள் பெயர் இருந்தது. ஒன்று, மூன்று, நாலு, ஒன்று. இன்னொரு முறை பார்த்தாள். தங்கம் வாங்கிய அன்றுகூட அவள் இவ்வளவு வேகமாக நீந்தியதில்லை. நாலு வருடமாகத் தாண்ட முடியாததை அந்தச் சுவரோரத்தில் ஒரு விநாடிக்கு மேல் தாண்டியிருந்தாள்.

"இது எப்பத்துலருந்து மிஸ் உங்கட்ட இருக்கு?"

"நீ நீந்துன அன்னைக்கு சாயங்காலத்துலருந்து."

அவளுக்குச் சந்தோஷத்துக்கு முன்னால் கோபம்தான் வந்தது. கண்ணில் நீர் முட்டியது.

"மூணு மாசம் மிஸ்! மூணு மாசமா வீட்டுக்குள்ளயே கெடந்தேன். ஏன் மிஸ் சொல்லல?"

மிஸ் அவள் கையிலிருந்த வாட்சை வாங்கி, ஓடிக்கொண்டிருந்ததை நிறுத்தி, பூஜ்யத்துக்குக் கொண்டுவந்தார்.

"அந்தப் பிள்ளை கரை ஏறுறதுக்கு முன்னாலேயே கேட்டுட்டா. நீ இப்பத்தான் கேக்குற."