கொம்புமுனையில் மிஞ்சியவர்

பல்கலைக்கழக நூலகத்தில் ஆய்வு மாணவர்களுக்குத் தேடிப் படிக்கும் முறையைக் கற்றுக்கொடுப்பவர் யாஸ்மின். அவரிடம் மாசிலாமணி வந்து சேர்ந்தார். யாஸ்மினைவிட வயதில் மூத்தவர்; கல்லூரியில் பாடம் நடத்திக்கொண்டே ஆய்வு செய்பவர்.

ஒருநாள் தன் அத்தியாயத்தைக் கொண்டுவந்து வைத்தார். அறுபது ஆண்டுக்கு முன் புயலில் கடல் கொண்டுபோன கொம்புமுனைக் குப்பத்தைப் பற்றியது. ‘ஒருவரும் மிஞ்சவில்லை’ என்று முடித்திருந்தார்.

யாஸ்மின் படித்துப் பார்த்தார்.

“பிலோமினான்னு ஒரு பொண்ணு. பனையைக் கட்டிப் பிடிச்சுக்கிட்டு, தண்ணி இழுத்துட்டுப் போறவரைக்கும் அம்மாவைக் கூப்பிட்டிருக்கா.”

“ஆமா மேடம். அஞ்சு புத்தகத்துல இருக்கு.”

“அஞ்சையும் எடுத்துட்டு வாங்க.”

எடுத்து வந்தார். ஐந்தாவது நூல் நான்காவதைச் சான்று காட்டியது. நான்காவது மூன்றாவதை. அப்படியே பின்னால் போனால், முதல் நூலில் அடிக்குறிப்பே இல்லை.

“ஒருத்தரும் மிஞ்சலைன்னா, அவ கூப்பிட்டதைக் கேட்டது யார் சார்?”

மாசிலாமணி முதல் நூலை மறுபடியும் புரட்டினார். எத்தனை தடவை படித்திருப்பார்! இந்தக் கேள்வி தோன்றவே இல்லை.

“இனிமே யாரைக் கேட்கறது மேடம்?”

“கடற்கரை அங்கேயேதான இருக்கு?”

மறுநாள் பஸ் ஏறினார்.

முனையில் வீடுகள் இல்லை. உச்சி வெயிலில் காற்று மணலை இழுத்துக்கொண்டிருந்தது. ஒரு காக்கைகூட இல்லை. தலை முறிந்த பனை ஒன்று நின்றது. அதனடியில் வயதான பெண் ஒருவர் சுள்ளி பொறுக்கிக்கொண்டிருந்தார்.

“அம்மா, புயல்ல செத்துப்போன பிலோமினாங்கற பொண்ணைப் பத்தி...”

“நான்தான்.”

மாசிலாமணி கையிலிருந்த தன் அத்தியாயத்தைப் பார்த்தார்.

“கொஞ்சப் பேரு மிஞ்சினோம், தம்பி. பக்கத்து ஊர்ல கிடக்கோம். இந்த மண்ணுக்குப் பட்டா கேட்டுப் போனா, ஒருத்தரும் மிஞ்சலைன்னு புத்தகத்துல போட்டிருக்கே, நீங்க யாருன்னு கேட்டு அனுப்பிட்டாங்க.” சுள்ளிகளைக் கீழே வைத்தார். “நான் எப்படிச் செத்தேன்னு போட்டிருக்கு? வாசிங்க, கேட்போம்.”

மாசிலாமணி வாசித்தார். அந்தப் பெண் பனையில் கை வைத்துக்கொண்டு கேட்டார்.

“பனை சரி. ஆனா நான் கூப்பிடலையே. அம்மா அதுக்கு முன்னாடியே போயிட்டா.”

ஊர் திரும்பியதும் மாசிலாமணி நேராக நூலகத்துக்குப் போனார். நடந்ததைச் சொன்னார்.

“என் அத்தியாயத்தைக் கிழிச்சுப் போட்டுடறேன் மேடம்.”

யாஸ்மின் அந்த ஐந்து நூல்களையும் அலமாரியில் அடுக்கிக்கொண்டிருந்தார்.

“கிழிங்க. ஆனா இந்த அஞ்சும் இங்கதான் இருக்கும். நாளைக்கு ஒருத்தர் வந்து கொம்புமுனைன்னு கேட்பார். நானே எடுத்துக் கொடுப்பேன். அந்தப் பொண்ணு மறுபடியும் சாவா.”